டெய்லரிடம் பேசுவதுபோல் பிள்ளையிடம் பேசிப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள், கைமடிக்கும் பெண்கள், செக்கிங் என்று என் கீழே 32 பேர். ஒரு டெய்லர் பனியனின் இடக்கையை வலப்பக்கம் வைத்து நாற்பது பீஸ் தைத்துவிட்டார் என்று வையுங்கள். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணா, கொஞ்சம் இங்க பாருங்க, கை மாறிப் போச்சுங்க. இந்தப் பண்டல் முடிச்சுட்டுப் பிரிச்சுக் குடுத்துருங்க" என்பேன். நான் தங்கமான குணம் உள்ளவள் என்று நினைத்துவிட வேண்டாம். சத்தம் போட்டால் மறுநாள் அவர் எதிர்க் கம்பெனியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். 'பவர் டேபிள் டெய்லர்கள் தேவை' என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிற ஊர் இது.

அதே நான் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்குமேல் வீட்டுக்கு வருவேன். நடையில் பெரியவனுடைய ஷூ ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் கிடக்கும். "எத்தன தடவ சொல்றது? மண்டையில இருக்கறது களிமண்ணா?" அவன் எங்கே போவான்? அவனுக்கு எதிர்க் கம்பெனி கிடையாது.

இது எனக்கு உறைத்தது சின்னவளால்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கம்பெனி விளையாட்டு. டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார்... சரிங்க சார்... இன்னைக்கே முடிச்சுருவோமுங்க சார்" என்று குழைந்தாள். ரிமோட்டைக் கீழே வைத்தாள். எதிரே இருந்த பொம்மையின் தலையில் ஒரு தட்டு. "சனியனே, உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டு!" இரண்டு குரலும் என்னுடையவை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பி.எட். படித்த என் பெரியம்மா மகளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். 1961-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 72 சிறு குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு அந்தப் பொம்மையோடு விட்டபோது அதே அடி, அதே உதை. அந்த ஆள் சொன்ன வார்த்தைகளைக்கூடச் சில பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொன்னார்களாம். எனக்கு ஸ்டான்போர்டுவரை போக வேண்டியிருக்கவில்லை, திண்ணையே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு இந்த மூன்று வருஷத்தில் நான் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வீட்டுக்குள் நுழையும் அந்த நேரத்தைச் சரி செய்யுங்கள். என் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்குமேல் நான் வந்த முதல் கால் மணி நேரத்தில் நடந்தவை. இப்போது வந்ததும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய்க் கைகால் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறேன். அதுவரை யாரையும் எதுவும் கேட்பதில்லை. அப்புறம் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்பதுதான். வீட்டுப்பாடம், மார்க், ஷூ எல்லாம் சோற்றுக்குப் பிறகு. பெரும்பாலும் அரிசிம்பருப்புச் சாதம்தான், குக்கரில் வைத்தால் அரை மணியில் ஆகிவிடும். வயிறு நிறைந்த பிறகு ஷூ அவ்வளவு பெரிய குற்றமாகத் தெரிவதில்லை என்பதையும் கண்டுபிடித்தேன்.

அடுத்தது, கையில் இருப்பதைப் பாதியில் பிடுங்காதீர்கள். தைத்துக்கொண்டிருக்கும் பீஸை டெய்லர் கையிலிருந்து யாராவது உருவுவார்களா? "இது முடிஞ்சதும் அந்த ஆர்டரைப் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்வோம். பிள்ளைக்கும் அதேதான். "இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் சோறு உங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கிரிக்கெட் பார்க்கிறான் என்றால், "இந்த ஓவர் முடிஞ்சதும் வாங்க" என்று சொல்லுங்கள். ஓவர் முடிந்தும் வரவில்லையா, டிவியை அணைத்துவிடலாம். முன்பே சொல்லி வைத்ததால் அவனுக்கும் கேட்க வாய் இருக்காது. முறைப்பான். முறைக்கட்டும்.

நம் ஊரில் சின்னப் பிள்ளைகளையும் 'வாங்க சாமி, போங்க கண்ணு' என்று கூப்பிடும் வழக்கம் உண்டு. என் அப்பாரு, அதாவது தாத்தா, என்னை ஒருநாளும் 'வா, போ' என்றதில்லை. நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் 'ங்க' போட்டுவிட்டால் மரியாதை வந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். "வாங்க தொரை, இப்பத்தான் விடிஞ்சுதுங்களா?" என்பதிலும் இரண்டு 'ங்க' இருக்கிறது. அதில் உள்ள குத்தல் அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் புரியும்.

ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், முன்னால் பிள்ளையைத் திட்டுவது நம் பக்கத்தில் ஒரு வியாதி. நோம்பிக்கோ கல்யாணத்துக்கோ போனால், "பத்தாவது வந்துட்டான், இன்னும் ஒண்ணும் தெரியாது, எந்நேரமும் போனு" என்று நாமே ஆரம்பித்துக் கொடுப்போம். மாமன், சித்தப்பா எல்லாரும் ஆளுக்கு ஒரு கல் எறிவார்கள். கம்பெனியில் ஒருவரைக் கண்டிக்க வேண்டும் என்றால் கட்டிங் டேபிள் பக்கம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், லைன் நடுவில் வைத்துப் பேசமாட்டேன். வீட்டிலும் அதையே சட்டமாக்கிவிட்டோம். பேச வேண்டியது எதுவானாலும் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. எதிரே யாராவது பிள்ளையைக் குறை சொல்ல ஆரம்பித்தால், "அதை நாங்க வீட்டுல பேசிக்கறமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். முதல்தடவை கொஞ்சம் உறுத்தலாக இருக்கும். இரண்டாம் தடவை அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள். அதேபோல, "மாமனுக்கு ஒரு முத்தம் குடு" என்று பிள்ளையைத் தள்ளாதீர்கள். கும்பிட்டு "வாங்க மாமா" என்றால் போதும். தொட வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் தொடக்கூடாது.

இனி மன்னிப்பு. இதில்தான் நான் ரொம்ப நாள் தோற்றேன்.

சீட்டுப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். 500 ரூபாய் குறைந்தது. அலமாரிப் பக்கம் போனவன் பெரியவன் ஒருத்தன்தான். "எடுத்தியா இல்லையா?" என்று என் மாமியார் எதிரிலேயே கேட்டுக் கத்தினேன். இல்லை என்றான். அவன் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். கன்னத்தில் ஒன்று வைத்தேன். ராத்திரி என் வீட்டுக்காரர் டெம்போ நிறுத்திவிட்டு வந்து, காலையில் டீசலுக்கு அந்தப் பணத்தை எடுத்ததாகச் சொன்னார்.

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் ஒப்புட்டு சுட்டேன். கொங்குத் தாய்மார் பலருக்கு மன்னிப்பு என்பது பலகாரம்தான். வாயால் கேட்க வராது, நெய் ஊற்றிக் கேட்போம். அவன் தட்டைத் தொடவில்லை. நாலு நாள் பேசவும் இல்லை.

ஐந்தாம் நாள் அவன் படித்துக்கொண்டிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். மாமியாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அவர் எதிரில்தான் திருடன் என்றேன். "நீ எடுக்காத பணத்தை எடுத்தேன்னு சொன்னேன். பையக் கொட்டினேன். அடிச்சேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்க சாமி." அவ்வளவுதான். 'ஆனா நீயும் அந்தப் பக்கம் ஏன் போன?' என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். மன்னிப்பில் 'ஆனா' வந்தால் அது திரும்பவும் குற்றச்சாட்டாகிவிடும். அவன் "ம்" என்றான். உடனே கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதிர்பார்க்காதீர்கள். அவனுக்கு வேண்டிய நாள் அவன் எடுத்துக்கொள்வான்.

"புள்ளகிட்டப் போயி மன்னிப்புக் கேட்டா நாளைக்கு மதிப்பானா?" என்று மாமியார் ஒரு வாரம் முணுமுணுத்தார். இரண்டு மாதம் கழித்துக் கணக்கில் பெயிலான பேப்பரை, பள்ளியிலிருந்து தகவல் வரும் முன்பே அவனாகக் கொண்டுவந்து காட்டினான். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எதுவும் சொல்லவில்லை.

அடியை நிறுத்துவது பற்றி. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் மனதை நோகடிக்கவும் கூடாது என்று 17-ஆம் பிரிவில் சொல்கிறது. டீச்சர் அடித்தால் சண்டைக்குப் போகிறோம், வீட்டில் நாமே அடிக்கிறோம். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி சொல்பவர்களிடம் என் அப்பா கதையைச் சொல்வேன். எங்கள் ஊர் காங்கயத்துக்குப் பக்கம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அவரோடு போயிருக்கிறேன். துண்டுக்குள் கையைவிட்டு விலை பேசும் முன், மாட்டின் முகத்துக்கு நேரே மெதுவாகக் கையைத் தூக்கிப் பார்ப்பார். மிரண்டு பின்வாங்கினால், "அடிச்சு வளர்த்த மாடுங்க, மெரட்சி போவாது" என்று அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிடுவார். முன்பு ஒருமுறை என் மகனுக்குத் தலைசீவக் கையைத் தூக்கினேன். அவன் கழுத்தைச் சுருக்கினான். எனக்குச் சந்தைதான் ஞாபகம் வந்தது.

அடிக்காமல் இருப்பது என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பது இல்லை. எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு எல்லாப் போனும் டிவி மேல் உள்ள தட்டுக்குப் போய்விடும். என் போனும்தான், கம்பெனி குரூப்பில் என்ன மெசேஜ் வந்தாலும். டிபன் பாக்ஸை எடுத்து வைக்காவிட்டால் மறுநாள் அவரவர் கழுவிக்கொள்ள வேண்டும். காரணத்தை ஒருமுறை சொல்வேன், ஏழுமுறை சொல்ல மாட்டேன். 'முடியாது' என்பதைக் கத்தாமல் சொல்லிப் பழகினால், அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வது சுலபம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். எனக்கு ஏழு வயதில், எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் வேலை செய்தார். என் அப்பாருவைவிட மூத்தவர். அவர் என்னை "வாங்க அம்மணி" என்பார். நான் அவரைப் பேர் சொல்லி "வாடா" என்பேன். யாரும் திருத்தவில்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று தினமும் சொன்ன வீடுதான். சாதியில் கீழே என்று வைத்துவிட்டால் அவருடைய வயது கணக்கில் வராது, அவ்வளவுதான். கொங்குநாட்டு மரியாதை என்று ஊரெல்லாம் மெச்சுகிறார்களே, அது யார் யாருக்குக் கிடைத்தது என்று நாம் பேசுவதில்லை.

அது ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன வருஷம் பெரியவன் எனக்குச் சோறு கொண்டுவந்தான். செக்கிங்கில் ஒடிசாக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும். "டேய் பையா, அந்த ஸ்டூல எடு" என்றான் இவன். 'பையா' என்றால் இந்தியில் அண்ணன். நாங்கள் அதற்கு முன்னால் ஒரு 'டேய்' சேர்த்து வைத்திருக்கிறோம், அவன் எங்களிடம் கேட்டதைத்தான் சொன்னான். அன்று நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து அவரை நானே பேர் கேட்டு, பேரோடு 'அண்ணா' சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். லைனில் நாலு பேர் சிரித்தார்கள். குப்பை வண்டிக்காரம்மா, வாட்ச்மேன், டவுன் பஸ் கண்டக்டர் என்று பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் யாரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். புருஷனை 'என்னங்க' என்று கூப்பிடும் மனைவிக்கு 'ஏய்' என்று பதில் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெண் பிள்ளை அதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன் என்பதற்காக நான் கத்துவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஷிப்மென்ட் வாரத்தில் இன்னும் கத்துகிறேன்.

போன மாசி மாதம் அவினாசியில் ஒரு சீர் விசேஷம். சின்னவளுக்கு இப்போது ஒன்பது வயது. பட்டுப் பாவாடையை மாற்றிக்கொண்டு சுடிதாரில் வந்து நின்றாள். பத்து பெண்கள் இருந்தார்கள். "ஏம்மா, உனக்கு எத்தன..." என்று ஆரம்பித்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இங்க வேண்டாமுங்க. உள்ள போயிப் பேசலாம்" என்றாள்.

தேங்காய் மூட்டையும் வாழைத்தாரும் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. கதவைச் சாத்தினோம். பாவாடை இடுப்பில் இறுக்கிச் சிவந்திருந்ததைக் காட்டினாள். அது நியாயம். என்னிடம் கேட்காமல் மாற்றியது நியாயம் இல்லை என்றேன். அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தி போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். மீதியைச் சாப்பிட்ட பிறகு பேசுவோம் என்று இருவரும் இலைக்குப் போனோம்.