சின்ன கேம்பர் டிரெய்லருக்கு வெளிப்பக்கச் சாமான் கதவு: ஒழுகாமல் பொருத்துவது எப்படி

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே படுத்துக்கொள்ளும் எங்கள் சின்ன டிரெய்லரில் கட்டிலுக்கு அடியில் நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அங்கே கிடக்கும் மடக்கு நாற்காலியை எடுக்க வேண்டுமென்றால் மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். சேறு படிந்த கயிறும் கூடார முளையும் படுக்கை வழியாகத்தான் உள்ளே போகும். வெளியிலிருந்தே திறக்கிற மாதிரி ஒரு கதவு வைத்தால் தொல்லை தீர்ந்தது என்று வைத்தேன். முதல் பெரிய மழையிலேயே ஒழுகியது. பிரித்து, காரணம் கண்டுபிடித்து, மறுபடி பொருத்தினேன். அதற்கப்புறம் எத்தனையோ மழை பார்த்தாகிவிட்டது, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

சுவரில் ஓட்டை போடுவது ஒரு மதிய நேர வேலை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. மரச்சட்டம் வைத்த டிரெய்லரைக் கெடுப்பது பெரும்பாலும் ஓதம்தான். அதனால் அந்தப் பகுதியை மட்டும் நிறைய எழுதியிருக்கிறேன்.

முதலில் கதவு, அப்புறம்தான் அளவு

கதவு கையில் வராமல் சுவரில் பென்சிலை வைக்காதீர்கள். பெட்டியில் இரண்டு அளவு போட்டிருக்கும். ஒன்று வெளி விளிம்போடு சேர்ந்த அளவு, இன்னொன்று வெட்ட வேண்டிய அளவு. இரண்டையும் மாற்றிப் படித்தால் சுவர் போச்சு. நான் பெட்டியையே நம்புவதில்லை. கதவுச் சட்டத்தின் பின்பக்கத்தை அட்டையில் வைத்துக் கோடு இழுத்து, சுற்றிலும் 2 மி.மீ. கூட்டி, அதையே வார்ப்பாக வெட்டிக்கொள்கிறேன். மூலைகளின் வளைவும் அதிலேயே வந்துவிடும்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பலகையோடு முழுதாக வரும் கதவு. மற்றது சட்டம் மட்டும். சுவரில் வெட்டி எடுத்த துண்டையே அதில் பொருத்திக் கதவாக்க வேண்டும். இரண்டாவதில் நிறமும் கோடும் சுவரோடு அப்படியே ஒத்துப்போகும், பார்க்க அழகு. ஆனால் வெட்டும்போது துண்டின் ஓரம் பிய்ந்தால் கதவே போய்விடும். முதல் தடவை செய்கிறவர்கள் முழுக் கதவையே வாங்குங்கள்.

சுவரின் கனத்தையும் பாருங்கள். என்னுடையது 38 மி.மீ. உள்ளேயும் வெளியேயும் இறுக்கிப் பிடிக்கும் வகைக் கதவு என்றால் இந்த அளவு பொருந்தியே ஆக வேண்டும்.

இடம் பார்ப்பது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இந்தச் சுவருக்கு அப்படியே பொருந்தும். வெளியே தகடு, நடுவில் மரச்சட்டமும் தெர்மோகோலும், உள்ளே மெல்லிய பிளைவுட். இந்த நடுப்பகுதியில் விளக்கு ஒயர், பின்விளக்கு ஒயர், தண்ணீர்க் குழாய், சில வண்டிகளில் கேஸ் குழாய்கூடப் போகும்.

சட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி அலுமினியத் தகட்டின் மேல் சரியாக வேலை செய்யாது. சின்னதாக, இழுவை அதிகமுள்ள ஒரு காந்தம் போதும். உள்பக்கப் பிளைவுட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஸ்டேப்பிள் பின் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். ஒட்டும் இடமெல்லாம் பென்சிலால் பொட்டு வையுங்கள். பொட்டுகள் நேர்கோடாக வந்தால் அதுதான் சட்டம். கதவு இரண்டு சட்டங்களுக்கு நடுவில் வந்தால் எதையும் அறுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் சின்ன கதவு வாங்கினாலும் பரவாயில்லை, நிற்கிற சட்டத்தை அறுக்காதீர்கள். சக்கர வளைவு, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எங்கே இருக்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளியே கோடு போடும்போது ரசமட்டம் வேண்டாம். டிரெய்லர் நிற்கும் தரையே சரிவாக இருக்கலாம். பக்கவாட்டில் ஓடும் பட்டைக்கோ தகட்டின் வரிகளுக்கோ இணையாகக் கோடு போடுங்கள். கண்ணுக்கு அதுதான் நேராகத் தெரியும்.

வெட்டுவது

வெளி மின்சாரத்தைப் பிடுங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சுவர் ஃபைபர் கிளாஸ் என்றால் அந்தத் தூசு தோலிலும் அரிக்கும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

பலர் வெளியிலிருந்தே முழுக்க அறுத்துவிடுகிறார்கள். நான் உள்ளிருந்து தொடங்கச் சொல்வேன். உள் பிளைவுட்டை மட்டும், பிளேடு 3 மி.மீ.க்கு மேல் போகாமல் வெட்டி எடுங்கள். இதற்கு ஆசிலேட்டிங் மல்டி டூல் (பிளேடு இடவலமாக வேகமாக அதிர்ந்து வெட்டும் கைக்கருவி) மாதிரி வேறொன்று இல்லை. பிறகு தெர்மோகோலைக் கையாலும் பட்டிக் கத்தியாலும் சுரண்டி எடுங்கள். இப்போது தகட்டின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அங்கே தெர்மோகோலில் பதிந்தபடி சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. வெளியிலிருந்து அறுத்திருந்தால் இரண்டும் துண்டாகியிருக்கும். கொஞ்சம் தளர்வு இருந்ததால் மேலே தள்ளிவிட்டேன்.

அடுத்து, நான்கு மூலையிலும் உள்ளிருந்து வெளியே 3 மி.மீ. துளை. டிரில்லைச் செங்குத்தாகப் பிடியுங்கள், சாய்ந்தால் வெளியே அளவு மாறிவிடும். வெளியே வந்து மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டை வார்ப்பைத் துளைகளோடு பொருத்திக் கோடு போடுங்கள். மூலையில், கோட்டுக்கு உள்பக்கமாக, 10 மி.மீ. துளை போட்டு ஜிக்சா பிளேடை உள்ளே விடுங்கள். பல் நெருக்கமான உலோக பிளேடு, குறைந்த வேகம். ஜிக்சாவின் அடித்தட்டிலும் டேப் ஒட்டினால் பெயின்டில் கீறல் விழாது. கடைசிப் பக்கம் அறுக்கும் முன் துண்டை டேப்பால் சுவரோடு சேர்த்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அது தொங்கி ஓரத்தைக் கிழிக்கும்.

பிசிறை அரத்தால் ராவிவிடுங்கள். திறப்பைச் சுற்றித் தெர்மோகோலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுரண்டி, அந்த இடத்தில் தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே சரியாக உட்காரும் ரீப்பர் கட்டைகளைப் பசை வைத்துச் செருகுங்கள். கதவின் ஸ்க்ரூ கடிக்க மரம் வேண்டும். தெர்மோகோலில் எதுவும் நிற்காது. கட்டைகளுக்கும் பிளைவுட்டின் வெட்டு ஓரத்துக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள்.

நான் சறுக்கிய இடம்

எங்கள் டிரெய்லரின் தகடு வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். கதவின் விளிம்போ தட்டையானது. நான் பியூட்டைல் டேப்பை, அதாவது நசுங்கி ஒட்டும் மெத்தென்ற ரப்பர் பட்டையை, விளிம்பில் ஒரு சுற்று ஒட்டி, ஸ்க்ரூவை முறுக்கினேன். நான்கு பக்கமும் டேப் லேசாகப் பிதுங்கி வந்தது. நன்றாக அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மழை விட்ட மறுநாள் உள்ளே கை வைத்தால் கீழ்க்கட்டை சில்லென்று இருந்தது. பிளைவுட் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. கதவைக் கழற்றிப் பார்த்தேன். மேடுகளில் மட்டும் டேப் நசுங்கி ஒட்டியிருந்தது. பள்ளங்களில் தொடவே இல்லை. வரிகள் கிடைமட்டமாக ஓடுவதால், இரண்டு செங்குத்து விளிம்புகளுக்கும் அடியில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு சின்ன சுரங்கமாகத் திறந்திருந்தது. சுவரில் வழியும் தண்ணீர் பள்ளத்தோடு நடந்து நேராக உள்ளே போயிருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பியூட்டைலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, விரலில் உருட்டித் திரி மாதிரி ஆக்கி, விளிம்பு உட்காரும் இடத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டின் மட்டத்துக்கு நிரப்புங்கள். விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் தெரியக்கூடாது. அதற்கு மேல்தான் முழு நீள டேப். கீழ்ப்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கவாட்டு, கடைசியில் மேல்பக்கம். ஓடு வேய்வது போல, மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் ஏறி இருக்க வேண்டும். மேல் விளிம்பு ஒரு சமமான பகுதியில் உட்காருமாறு முதலிலேயே இடம் பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இம்பாக்ட் டிரைவர் வேண்டவே வேண்டாம், கையால் முறுக்குங்கள். கதவை மூடிய நிலையில், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் சட்டம் முறுகி, தாழ்ப்பாள் பொருந்தாது. ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்குங்கள், பியூட்டைல் அதற்குள் இன்னும் நசுங்கியிருக்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு கோடு. கீழ்ப்பக்கம் சீலன்ட் வேண்டாம். தப்பித் தவறித் தண்ணீர் நுழைந்தால் வெளியேற வழி வேண்டும். சட்டத்தின் அடியில் சின்ன வடிகால் துளைகள் இருந்தால் அவற்றையும் அடைக்காதீர்கள்.

சிலிக்கான் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடாதீர்கள். பின்னாளில் பிரிக்கும்போது அதன் படலம் முழுதாகப் போகாது, அந்தப் படலத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது.

சோதனை

ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் சில நிமிடம். எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும். பிரஷர் வாஷர் கூடாது.

பிறகு சேர்த்தவை

இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு ஓட்டத்தில் கதவு திறந்துகொண்டு, பின்பக்கமாக மடங்கி அடித்ததில் கீல் வளைந்துவிட்டது. அவர் கீலைப் பின்பக்கம் வைத்திருந்தார். பக்கவாட்டில் திறக்கும் கதவு என்றால் கீல் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும். தாழ்ப்பாள் விட்டாலும் எதிர்க்காற்றே கதவை மூடிப் பிடிக்கும். மேல்பக்கக் கீல் மழைக்கு இன்னும் நல்லது, ஆனால் திறந்து நிறுத்த ஒரு தாங்கி வேண்டும்.

புதிதாக இடம் கிடைத்ததும் கனமானதையெல்லாம் அங்கே அடுக்கத் தோன்றும். அந்த இடம் சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் கவனம். காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் விழும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 600 கிலோ வண்டிக்கு 60 முதல் 90 கிலோ. பின்னால் பாரம் ஏறினால் அது குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். பெட்ரோல் கேனும் கேஸ் சிலிண்டரும் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. நீங்கள் படுப்பது அதற்கு நேர் மேலே.

இன்னொருவர் பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். கேம்பர் சாமான் கதவுகளில் மிகப் பலவற்றுக்கு சிஎச்751 என்று எண் பொறித்த ஒரே சாவிதான் வருகிறது. பக்கத்தில் நிற்கும் டிரெய்லரின் சாவி உங்கள் கதவையும் திறக்கக்கூடும். சாவியில் அந்த எண் இருந்தால், பூட்டின் உருளை நீளத்தை அளந்துகொண்டு அதே நீளத்தில் வேறு சாவி உள்ள கேம் பூட்டு (சாவியைத் திருப்பினால் பின்னால் ஒரு நாக்கு திரும்பும் வகை) வாங்குங்கள். பின்னால் உள்ள ஒரு நட்டைக் கழற்றினால் பழையது வந்துவிடும்.