தண்ணி குளிர்ந்தால் கையை மெதுவாக்குங்கோ

முதல் இரண்டு வருசமும் செப்டம்பர் முடிய என்ர தூண்டில் கராஜுக்குள்ள போயிடும். குளிருக்கு மீன் எங்கயாவது ஆழத்தில போய்ப் படுத்திடும் எண்டு நினைப்பு. கனடாவில ஒன்ராறியோவின் ரைஸ் லேக் ஏரியில கொழுத்த பாஸ் மீன் எனக்கு மாட்டினதெல்லாம் செப்டம்பர் கழிஞ்ச பிறகுதான்.

கலண்டரைப் பார்க்காதேங்கோ. ஒரு சின்ன வெப்பமானியைக் கயித்தில கட்டித் தண்ணிக்குள்ள விடுங்கோ. 18 பாகையிலிருந்து 12 வரைக்கும் மீன் துரத்தித் தின்னும். குளிருக்கு முன்னம் உடம்பு வைக்கிற அவசரம் அதுக்கு. அப்ப ஸ்பின்னர்பெயிட் (இழுக்கேக்க தகடு சுழலுற பொய்யிரை) போதும். காத்து அடிக்கிற கரையில எறியுங்கோ. சின்ன மீனெல்லாம் அங்கதான் ஒதுங்கும். முகத்தில காத்துப் படாத இடத்தில நிக்க எல்லாருக்கும் ஆசைதான், ஆனா மீன் இராது.

அடுத்தது சாதாழை, தண்ணிக்குள்ள வளருற செடி. தூண்டில் முள்ளில சிக்கி வாறதைக் கையில எடுத்துப் பாருங்கோ. பச்சையாய், முறிச்சால் 'நறுக்' எண்டால் அந்த இடத்தை விடாதேங்கோ. பழுப்பாய் வழுவழுத்தால் உடன இடம் மாறுங்கோ. ஒக்டோபரில பச்சை மிஞ்சின இடங்கள் கொஞ்சம்தான். மீன் எல்லாம் அதுக்குள்ளதான் நெருக்கும்.

10 பாகைக்குக் கீழ போனால்தான் பாடம் தொடங்குது. மீனின்ர உடம்பும் தண்ணியோட சேர்ந்து குளிரும். தின்னும், ஆனா ஓடாது. ஜெர்க்பெயிட்டை (சின்ன மீன் வடிவப் பொய்யிரை) இரண்டு தரம் வெட்டி இழுங்கோ, பிறகு நிப்பாட்டி மனசுக்குள்ள பத்து எண்ணுங்கோ. நான் நாலிலேயே இழுத்திடுவன். என்ர மச்சான் பக்கத்தில இருந்து சத்தமாய் எண்ணித்தான் என்னைத் திருத்தினவர். கொத்துறதும் அந்த அசையாத நேரத்திலதான். இழுப்பு ஒண்டும் தெரியாது. தங்கூசி (தூண்டில் நூல்) சும்மா ஒரு பக்கம் நகரும், இல்லாட்டி ஈரத்துணி தொங்கின மாதிரிப் பாரமாய் இருக்கும். அப்பவே கோலைப் பக்கவாட்டில இழுங்கோ.

விடியப்புறம் எழும்பத் தேவையில்லை. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு, வெயில் விழுற வடக்குக் கரைக்குப் போங்கோ. ஒரு பாகை கூடினாலே வித்தியாசம் தெரியும்.

லைசென்சும் அந்த வருச விதிகளும் பார்த்துக்கொள்ளுங்கோ, பாஸ் பிடிக்கிறதுக்கு முடிவுத் திகதி இருக்கு. ஏரி ஆழமில்லாதது, நீளமோ 30 கிலோமீற்றருக்கு மேல. தென்மேல் காத்து எழும்பினால் அலை கெதியாய் ஏறும். உயிர்காப்பு அங்கியைச் சீற்றுக்குக் கீழ வையாமல் போட்டுக்கொண்டு படகில ஏறுங்கோ.