பழைய போர்ப் படத்தில் இருப்பது எந்தப் பீரங்கி இழுவை வண்டி? கண்டுபிடிப்பது இப்படித்தான்

இரண்டாம் உலகப்போர்ப் படத்தில் டிராக்கில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில்) ஓடும் வண்டி எதைக் கண்டாலும் ‘டாங்க்’ என்று எழுதிவிடுகிறார்கள். பல வண்டிகளுக்குப் பீரங்கியை இழுப்பது மட்டும்தான் வேலை. படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கொக்கியில் மாட்டியிருப்பது என்ன?

வண்டியின் முகத்தை அப்புறம் பார்க்கலாம். பின்னால் நீளக் குழலோடு ‘லாங் டாம்’ என்ற 155 மி.மீ. (குழலின் உள்விட்டம்) அமெரிக்கப் பீரங்கி இருந்தால், அமெரிக்காவின் எம்4 ஹை ஸ்பீட் டிராக்டராக இருக்க வாய்ப்பு அதிகம். பீரங்கிக்கே டிராக் இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் சோவியத்தின் 203 மி.மீ. பி-4 ஹோவிட்சராக (குண்டை உயரத் தூக்கி எறியும் பீரங்கி) இருக்கும். இழுப்பது வோரோஷிலோவெட்ஸா, ஸ்தாலினெட்ஸ் எஸ்-65ஆ என்று பாருங்கள்; இரண்டும் சோவியத் டிராக்டர்கள்.

படி 2: முன்னால் டயர் உண்டா?

இருந்தால் அது ஹாஃப்-டிராக்: முன்னால் டயர், பின்னால் டிராக். 88 மி.மீ. பீரங்கியை இழுத்த ஜெர்மன் வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

படி 3: சக்கரங்களை எண்ணுங்கள்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். டிராக்கின் ஒரு கோடியில் அதை ஓட்டும் பல்சக்கரம், மறு கோடியில் தொய்யாமல் பிடிக்கும் சக்கரம். இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பாரம் தாங்கும் சக்கரங்கள் வோரோஷிலோவெட்ஸில் பக்கத்துக்கு 8, இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஸ்டாலின்கிராடில் செய்த சோவியத் டிராக்டர் எஸ்.டி.இசட்-5இல் 4. எம்4இலும் 4தான்; ஆனால் பின்கோடிச் சக்கரமும் தரையைத் தொடுவதால் 5 போலத் தெரியும்.

படி 4: இன்ஜின் எங்கே?

எஸ்.டி.இசட்-5இல் முன்னால் மூக்கே இருக்காது. டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், கேபினுக்குள்ளேயே இன்ஜின். கோடையில் உள்ளே உட்கார்ந்தவர் பாடு எப்படியோ! முதுகில் ராக்கெட் தண்டவாளங்கள் தெரிந்தால் குழம்ப வேண்டாம், இதே வண்டி மேல் கத்யுஷா என்ற சோவியத் ராக்கெட் ஏவியையும் ஏற்றினார்கள். வோரோஷிலோவெட்ஸுக்கு லாரி கேபின். நீண்ட பானெட்டுக்குள் சோவியத்தின் டி-34 டாங்க் இன்ஜினின் உறவுக்காரன், வி-2 வகை டீசல். எஸ்-65 அசல் உழவு டிராக்டர்.

படி 5: அடையாளக் குறி

இதைக் கடைசியில் பாருங்கள். ஜெர்மானியர் கைப்பற்றிய சோவியத் டிராக்டர்களைத் தாங்களே ஓட்டினார்கள். எனவே கதவில் ஜெர்மன் படையின் சிலுவைக் குறி தெரிந்தால் ஓட்டியது யார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செய்த நாட்டைச் சக்கரத்தையும் கேபினையும் வைத்து எழுதுங்கள்.