ஓடைத் தண்ணீரில் கிருமி பார்க்கிறீர்களா? தவறு பாட்டிலிலேயே தொடங்கிவிடும்

ஓடைத் தண்ணீர் ரிசல்ட் ஏதாவது விநோதமாக வந்தால் எல்லோரும் முதலில் லேப்பைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பெரும்பாலான தவறுகள், பாட்டில் லேப் வாசலைத் தொடும் முன்பே, ஓடைக்குள் நிற்கும் நம் காலடியில் நடந்து முடிந்துவிடுகின்றன.

காலடி என்று சும்மா சொல்லவில்லை. மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டு மட்டும் இருப்பதில்லை, அடியில் இருக்கும் சேற்றில் வெயில் படாமல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். நாம் தடதடவென்று இறங்கி, கலங்கிய இடத்திலேயே பாட்டிலை முக்கினால், சேற்றின் கிருமியை எண்ணிவிட்டு தண்ணீரின் கிருமி என்று எழுதிக்கொள்கிறோம். நான் ஒருமுறை ஒரே இடத்தில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு பாட்டில் எடுத்தேன். இரண்டாவதில் எண்ணிக்கை பல மடங்கு. நடுவில் நடந்தது ஒன்றுதான்: கைநழுவி விழுந்த மூடியை எடுக்க ஓடைக்குள் நாலடி நடந்தேன்.

சரி, எப்படி எடுப்பது? கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாக ஏறி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கிருமி நீக்கிய பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, அங்கே வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்புங்கள். மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள், அதைக் கரையில் வைக்கவும் வேண்டாம். பாட்டிலை ஓடைத் தண்ணீரில் அலசிவிட்டு நிரப்பும் பழக்கம் ரசாயனச் சோதனைகளில் சிலவற்றுக்குச் சரி, கிருமிச் சோதனைக்குக் கூடாது. விளிம்புவரை நிரப்பினால் லேபில் குலுக்க இடமிருக்காது, கொஞ்சம் காற்றிடம் விடுங்கள். கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் பாட்டிலுக்கு நேர் எதிர், அதில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததில்லை.

அப்புறம் நேரம். பாட்டிலை வண்டியின் பின்சீட்டில் வெயிலில் போட்டுவிட்டு சாப்பிடப் போனால், உள்ளே இருப்பது பெருகலாம், சாகலாம், எதுவும் நடக்கலாம். ஐஸ் பெட்டியில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஆனால் உறையாமல் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. உருகிய ஐஸ் தண்ணீர் மூடிவரை ஏறவும் விடாதீர்கள்.

எதைச் சோதிக்கச் சொல்கிறோம் என்பதிலும் கோட்டைவிடுகிறார்கள். மொத்த கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தின் கணக்கில் மண்ணிலும் அழுகிய இலையிலும் வாழும் பாக்டீரியாவும் சேர்ந்துவிடும், அதனால் காட்டுக்குள் ஓடும் ஓடையிலும் அது இருக்கும். மலம் கலந்ததா என்று தெரிய ஈ.கோலை எண்ணிக்கை வேண்டும். மலக்கிருமி இருந்தால் கறுப்பாக மாறும் சின்னச் சோதனைக் குப்பிகள் குடிநீருக்கானவை. ஓடைத் தண்ணீரை ஊற்றினால் அநேகமாக எப்போதும் கறுக்கும், அதில் நமக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அதேபோல லேபில் எவ்வளவு தண்ணீரை வடிகட்டினார்கள் என்றும் கேளுங்கள். வடிதாளை வளர்ப்புத் தட்டில் வைத்தால் அதில் தங்கிய கிருமி பெருகிப் புள்ளியாகத் தெரியும், தட்டில் 20 முதல் 80 புள்ளிகள் வரை இருந்தால்தான் எண்ணிக்கையை நம்பலாம். 1 மில்லியில் 45 புள்ளி வந்தால் 100 மில்லிக்கு 4,500. அதே ஓடையில் 100 மில்லியை முழுதாக வடிகட்டினால், தட்டு பூசி மெழுகினாற்போல் இருக்கும்.

ஒரே பாட்டிலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எல்லாவற்றையும்விட மோசம். மழை பெய்தால் கரையில் கிடக்கும் சாணம் அத்தனையும் ஓடைக்கு வந்துவிடும். ஐந்து நாள் எடுத்து 40, 60, 50, 80 என்று வந்து, மழை நாளில் மட்டும் 9,000 வந்தால் சாதாரணச் சராசரி 1,846, பெருக்குச் சராசரியோ (ஐந்து எண்களையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுப்பது) 154தான், ஒரு பெரிய எண் அதை அவ்வளவு இழுத்துவிடாது. இதனால்தான் பாக்டீரியாவுக்குப் பெருக்குச் சராசரி போடுகிறார்கள். குளிக்கும் நீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-ல் வைத்த 126 என்ற ஈ.கோலை அளவும் 100 மில்லிக்கான பெருக்குச் சராசரிதான். அதற்காக அந்த 9,000-ஐத் தப்பு ரிசல்ட் என்று அடித்துவிடாதீர்கள், அழுக்கு எங்கிருந்தோ வருகிறது என்று சொல்வதே அதுதான். குடிநீர்க் கணக்கு வேறு: 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது. அந்த அளவுகோலை ஓடைக்கு வைத்தால் எந்த ஓடையும் தேறாது.

வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் அங்கேயே அளந்துவிடுங்கள், மணியையும் குறியுங்கள். பாசி உள்ள ஓடையில் ஆக்சிஜன் விடியலில் மிகக் குறைவாக இருக்கும், மதியத்துக்கு மேல் ஏறிவிடும். ஒரு வாரம் காலையிலும் அடுத்த வாரம் மாலையிலும் அளந்துவிட்டு ஓடை தேறிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

கடைசியாக, ஈ.கோலை எண்ணிக்கை அது மாட்டுடையதா மனிதனுடையதா என்று சொல்லாது. மாடு இறங்கும் துறைக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், செப்டிக் டேங்க் கசியலாம் என்று சந்தேகப்படும் வீட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொன்று, எல்லாம் ஒரே நாளில், கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே ஏறியபடி. மேலிருந்து இறங்கிக்கொண்டே எடுத்தால், நீங்கள் கலக்கிய சேறு அடுத்த பாட்டிலுக்கு உங்களுக்கு முன்பே போய் நிற்கும்.