கார்பரேட்டர் ரேஸ் காருக்கு எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டும் முறை

கார்பரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். பட்டறைக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோ. பலர் சறுக்குவது இங்கேதான். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் ஓடும் வண்டியில், கழற்றிய பம்ப் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். அது 40 பிஎஸ்ஐக்குக் குறையாமல் தள்ளும். அந்த வேகத்துக்கு, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தாக்குப்பிடிக்காது. பெட்ரோல் வழிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் நெருப்புதான். கார்பரேட்டர் வண்டிக்கென்றே வரும் 12 வோல்ட், 4 முதல் 6 பிஎஸ்ஐ பம்பை வாங்கி, ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை இறக்குங்கள். வெபர் டிசிஓஇ கார்பரேட்டர் என்றால் 3, அம்பாசடரின் எஸ்யு கார்பரேட்டர் என்றால் 2 பிஎஸ்ஐயில் தொடங்கலாம்.

அழுத்தத்தைவிட அளவு முக்கியம். 100 குதிரைத்திறன் இன்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர். பம்ப் அதைப்போல் இரண்டு மடங்கு தர வேண்டும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்கில் நின்ற பிரீமியர் பத்மினி காரை ரேஸுக்குத் தயார் செய்கிறீர்கள் என்றால், பம்பைத் தொடுமுன் டேங்கை இறக்குங்கள். உள்ளே துரு அப்பளமாக உரியும். கழுவிக் காயவைத்து, பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் அதைவிட நுண்ணிய நைஸ் ஃபில்டர் போடுங்கள். நைஸ் ஃபில்டரை முன்னால் போட்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும்.

இந்த வகை பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோனி. அதனால் இடம் பின்பக்கம், டேங்கை ஒட்டி, டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழவோ இருக்கட்டும். இன்ஜின் பக்கம் வைத்தால் காரைக்குடி கத்திரி வெயிலில் உறிஞ்சும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி லாக் ஆகிவிடும். சைலன்சரிலிருந்து தள்ளி, ரப்பர் புஷ் வைத்து, அவுட்லெட் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பொருத்துங்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, தள்ளுகம்பி இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். அந்த ஓட்டையை மூட 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் லேத் பட்டறையில் பிளேட் வெட்டி, கேஸ்கட்டோடு இறுக்க வேண்டும்.

குழாய் உள்விட்டம் 8 மி.மீ. ஓஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உப்பவைத்து உதிர்த்துவிடும். அந்தத் துகள் ஜெட்டில் போய் உட்காரும். டிரைவர் உட்காரும் பகுதி வழியாகப் போகவேண்டியிருந்தால் அங்கே உலோகக் குழாய்தான், நடுவில் ஜாயின்ட் கூடாது.

ஒயரிங்கில் அவசரம் வேண்டாம். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ரிலேயின் 30-ம் எண் முனைக்கு (இனி வரும் 87, 86, 85-ம் ரிலேயின் முனை எண்களே). 87-லிருந்து பம்புக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர். 86-க்கு இக்னிஷன் சப்ளை. 85-ஐ நேராக எர்த் செய்யாதீர்கள், ஆயில் பிரஷர் வந்தால் மட்டும் மூடும் சுவிட்ச் வழியாக எர்த் செய்யுங்கள். கார் கவிழ்ந்து இன்ஜின் நின்றால் பம்பும் தானே நிற்கும். ஸ்டார்ட் பண்ணுமுன் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் பௌல் நிரம்ப, அந்த சுவிட்ச்சுக்கு இணையாக ஓர் அழுத்து பட்டன், விட்டால் துண்டிக்கும் ரகம். டேஷ்போர்டு ஆயில் லைட் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்வது. பிரஷர் இல்லாதபோதுதான் அது மூடும். ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும் 87ஏ முனையை வைத்து அதையே சமாளிக்கிறவர்கள் உண்டு. அந்த ஒயர் ஒன்று அறுந்தால் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடும், ஆகவே வேண்டாம். வண்டியின் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மெயின் கில் சுவிட்ச் பம்பையும் அணைக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பம்பின் எர்த் விழும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போடுங்கள்.

சோதனை ஷெட்டுக்குள் வேண்டாம். வெட்டவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, கார்பரேட்டர் பக்க ஓஸை இரண்டு லிட்டர் கேனில் விட்டுப் பட்டனை ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒரு லிட்டர் வரவேண்டும். குறைந்தால் ஓடும்போது பம்ப் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாக இருந்தால் ஒயரில்தான் கோளாறு. பிறகு ரெகுலேட்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே டி ஜாயின்ட் போட்டு 0–15 பிஎஸ்ஐ கேஜ் மாட்டுங்கள். 100 பிஎஸ்ஐ கேஜில் 3-ம் 5-ம் ஒன்றாகத்தான் தெரியும். ஐடிலில் சரியாக இருப்பது போதாது. லோடில், அதிக ஆர்பிஎம்மில் முள் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால் ரெகுலேட்டரைத் திருகாமல் ஃபில்டரையும் குழாயையும் பாருங்கள்.

நாலைந்து லேப் ஓடியபின் இழுவை குறைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்குக்குள் காற்று போகும் ப்ரீதர் ஓட்டை அடைத்திருக்கிறது. வளைவில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று அர்த்தம். கோவையின் 2.1 கி.மீ. கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் அடுத்தடுத்து வளைவு வருவதால் இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். டேங்குக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் நீடில் கசிகிறது. ஆயிலை மாற்றாமல் அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

முதல் பிராக்டிஸ் முடிந்ததும் பம்புக்கு முன்னாலுள்ள ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செந்நிறத் தூள் கொட்டினால் டேங்கைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.