பார்ட்டிஷன் கீ முதல் குட்டிக் கோப்பு வரை: நோஎஸ்கியூஎல், பிக் டேட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோஎஸ்கியூஎல்லுக்கு, அதாவது தரவைப் பல மெஷின்களில் பரப்பி வைக்கும் தரவுத்தளங்களுக்கு, மாறுகிறவர்கள் பலர் பழைய டேபிள்களை அப்படியே தூக்கிவந்து புது இடத்தில் வைக்கிறார்கள். வாடிக்கையாளர், ஆர்டர், பொருள் என்று முதலில் டேபிள்களைப் பிரித்துவிடுவது, அவற்றிலிருந்து எதை எப்படிக் கேட்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற பழைய வகைத் தரவுத்தளங்களில் இது ஓடும். டேபிள்களை இணைத்துக் கேட்கும் ஜாயின் இருக்கிறது, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸைப் பிறகு சேர்க்கலாம். கசாண்ட்ரா, டைனமோடிபி போன்ற நோஎஸ்கியூஎல் தரவுத்தளங்களில் இது ஓடாது. அங்கே ஒரு வரிசை எந்த மெஷினில் போய் உட்காரும் என்பதைப் பார்ட்டிஷன் கீ என்ற புலம்தான் தீர்மானிக்கிறது. ஒரே கீ உள்ள வரிசைகள் சேர்ந்தது ஒரு பார்ட்டிஷன். டேபிளை உருவாக்கிய பிறகு அந்தக் கீயை மாற்ற முடியாது. தவறு தெரியவந்தால் புது டேபிள் போட்டு, மொத்தத் தரவையும் அங்கே நகர்த்த வேண்டியதுதான்.

அதனால் முதல் வேலை குவெரிகளை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கப்போகும் கேள்விகளை, எழுதிவைப்பது. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு எத்தனை முறை வரும், ஒரு முறைக்கு எத்தனை வரிசை திரும்பும், எவ்வளவு பழைய தரவு வரை தேடும். பிறகு ஒரு குவெரிக்கு ஒரு டேபிள். ஒரே தரவு மூன்று டேபிளில் இருப்பது இங்கே குற்றமல்ல. குவெரி ஓட மறுத்ததும், எல்லாவற்றையும் துழாவ அனுமதிக்கும் ‘அலோ ஃபில்டரிங்’ என்பதைக் கடைசியில் ஒட்டிவிடுவதுதான் குற்றம். சோதனை மெஷினில் ஆயிரம் வரிசையில் அது கண்மூடித் திறப்பதற்குள் பதில் தரும். நிஜக் கிளஸ்டரில் (மெஷின்களின் கூட்டத்தில்) எல்லா நோடையும் (ஒவ்வொரு மெஷினையும்) துழாவிக்கொண்டு டைம்அவுட் ஆகும்.

கீயைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

ஒரு தொழிற்சாலை மோட்டார்களில் அதிர்வு சென்சார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு அளவை அனுப்புகிறது. ஒரு வரிசை சுமார் 100 பைட்.

தேதியை மட்டும் பார்ட்டிஷன் கீயாக வைத்தால் என்ன ஆகும்? இன்றைக்கு வரும் எல்லா சென்சாரின் எழுத்தும், அதாவது தரவைப் பதியும் வேலையும், ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். ரெப்ளிகேஷன் ஃபேக்டர் 3, அதாவது ஒவ்வொரு தரவுக்கும் மூன்று நோடில் பிரதி (ரெப்ளிகா) என்றால், 12 நோடு கிளஸ்டரில் 3 நோடுதான் மூச்சு முட்ட உழைக்கும், 9 சும்மா இருக்கும். இன்னும் 12 நோடு வாங்கிச் சேர்த்தாலும் நிலைமை மாறாது. பளு அதே மூன்றின் மேல்தான்.

சரி, சென்சார் எண்ணை மட்டும் கீயாக வைத்தால்? பளு பரவிவிடும், ஆனால் பார்ட்டிஷன் வளர்ந்துகொண்டே போகும். நாளுக்கு 86,400 வரிசை, அதாவது 8.64 எம்பி. ஒரு பார்ட்டிஷனை 100 எம்பிக்குள் வைத்திருப்பது கசாண்ட்ரா வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வரம்பு. 12 நாளில் அதைத் தாண்டிவிடுகிறோம். தாண்டிய அன்றே எதுவும் உடையாது. கோப்புகளை ஒன்றுசேர்க்கும் கம்பாக்ஷன் மெல்ல மெல்ல இழுக்கும், நினைவகத்தைச் சுத்தம் செய்யும் ஜாவா குப்பை சேகரிப்பில் நோடு அடிக்கடி நின்று நின்று ஓடும், ரெப்ளிகாக்களை ஒத்துப்பார்த்துச் சரிசெய்யும் ரிப்பேர் முடியவே முடியாது. மாதங்கள் கழித்து வரும் இந்த வலிக்கும் முதல் நாள் தேர்ந்தெடுத்த கீக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் சட்டென்று தோன்றாது.

சென்சார் எண், நாள் இரண்டையும் சேர்த்துக் கீயாக்கினால் பார்ட்டிஷன் 8.64 எம்பியில் நின்றுவிடும். வாரக்கணக்கில் பார்க்கும் குவெரிகள் அதிகம் என்றால் நாளுக்குப் பதில் வாரம் போடலாம், 60 எம்பி. ஆனால் இதே சென்சார் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் அனுப்புவதாக இருந்தால் ஆண்டுக்கு 35,040 வரிசைதான், 3.5 எம்பி. அங்கே சென்சார் எண் மட்டுமே போதும். அதையும் நாள் நாளாக வெட்டினால் ஓராண்டு வரைபடத்துக்கு 365 பார்ட்டிஷனைத் தட்ட வேண்டியிருக்கும். யாரோ எழுதிய டேபிளைக் காப்பியடிக்காமல் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டர் என்றால் ‘நோட்டூல் டேபிள்ஹிஸ்டோகிராம்ஸ்’ கட்டளை பார்ட்டிஷன் அளவுகளைக் காட்டிவிடும். அதில் 99ஆவது சதமானத்தையும் அதிகபட்சத்தையும் பாருங்கள். நடு எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

அழிப்பதும் ஒரு எழுத்துதான்

கசாண்ட்ராவில் டெலீட் கொடுத்தால் தரவு உடனே போய்விடாது. ‘இது இறந்துவிட்டது’ என்ற குறிப்பு ஒன்று எழுதப்படும். டூம்ஸ்டோன் என்பது அதுதான். இயல்பு அமைப்பில் அது குறைந்தது 864000 நொடிக்கு, அதாவது 10 நாளுக்கு இருக்கும். அந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு குவெரியும் இந்தக் கற்களையெல்லாம் தாண்டித்தான் உயிருள்ள வரிசையைத் தேட வேண்டும். ஒரு குவெரியில் 1,000 கல் தட்டுப்பட்டால் லாகில் எச்சரிக்கை வரும். 1,00,000ஐத் தாண்டினால் குவெரியே நிறுத்தப்படும். இவையும் இயல்பு எண்கள்.

டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியின் பொறியாளர்கள் 2017இல் வெளிப்படையாக எழுதிய நிகழ்வு இதற்கு நல்ல பாடம். ஒரு சேனலில் ஒரே ஒரு செய்திதான் மிச்சம் இருந்தது. ஆனால் திறக்க 20 நொடி ஆனது. காரணம், அந்தச் சேனலில் லட்சக்கணக்கான செய்திகள் ஏபிஐ (நிரல்களுக்கான வாசல்) வழியாக அழிக்கப்பட்டிருந்தன. ஒற்றைச் செய்தியைக் கண்டுபிடிக்க கசாண்ட்ரா அத்தனை கல்லையும் நினைவகத்தில் ஏற்றியது. குப்பை சேகரிப்பு திரும்பத் திரும்பப் பத்து நொடி மொத்த நோடையும் நிறுத்தியது. அவர்கள் இரண்டு திருத்தம் செய்தார்கள். டூம்ஸ்டோன் ஆயுளை 10 நாளிலிருந்து 2 நாளாகக் குறைத்தார்கள். காலியான கால வாளிகளை (செய்திகளை நேரப்படி பிரித்த பகுதிகளை) நினைவில் வைத்து, அவற்றை மறுபடி தேடாமல் தவிர்க்கும்படி குவெரி நிரலை மாற்றினார்கள்.

முதல் திருத்தத்தை மட்டும் காப்பியடிப்பது ஆபத்து. அவர்கள் இரவுதோறும் ரிப்பேர் ஓட்டிக்கொண்டிருந்ததால்தான் 2 நாள் போதுமாக இருந்தது. ரெப்ளிகா ஒன்று டெலீட்டைத் தவறவிட்டு, கல்லின் ஆயுள் முடிவதற்குள் ரிப்பேரும் ஓடவில்லை என்றால், அழித்த தரவு அந்த ரெப்ளிகாவிலிருந்து உயிர்த்தெழுந்து மற்றவற்றுக்கும் பரவும். வாடிக்கையாளர் அழிக்கச் சொன்ன தகவல் இப்படித் திரும்பிவருவதைவிடக் கெட்ட பிழை அதிகம் இல்லை. ஆயுளைக் குறைக்கும் முன் ரிப்பேர் அட்டவணையைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. இன்சர்ட்டில் காலி நெடுவரிசைக்கு ‘நல்’ (வெற்று மதிப்பு) அனுப்பினாலும் டூம்ஸ்டோன் எழுதப்படும். 40 நெடுவரிசையில் 30ஐ ‘நல்’ மதிப்பாக அனுப்பும் நிரல், வரிசைக்கு 30 கல்லை நட்டுக்கொண்டே போகிறது. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டில் (முன்பே தயாரித்துவைக்கும் கட்டளையில்) அந்த மதிப்புகளை அன்செட்டாக விட்டுவிட வேண்டும். காத்திருக்கும் வேலைகளின் கியூவாகக் கசாண்ட்ராவைப் பயன்படுத்தி, முன்னால் எடுத்து அழித்துக்கொண்டே போவதும் இதே குழிதான். அதற்கு காஃப்கா என்ற செய்திக் கியூ மென்பொருள் இருக்கிறது. 90 நாளில் காலாவதியாகும் சென்சார் தரவுக்கு டிடிஎல் (தானாகக் காலாவதியாகும் ஆயுள்) வைத்து, கோப்புகளைக் காலவாரியாகச் சேர்க்கும் டைம் விண்டோ கம்பாக்ஷனில் 3 நாள் விண்டோ கொடுத்தால் மொத்தம் 30 விண்டோ ஆகும். காலம் முடிந்த கோப்பு முழுதாகக் கழன்று விழும். அந்த டேபிளில் நடுவே கைமுறை டெலீட்டைக் கலக்காதீர்கள்.

மாங்கோடிபியில் வேறு வகைச் சிக்கல்

தரவை ஆவணங்களாக வைக்கும் மாங்கோடிபியில் சுதந்திரம் அதிகம், அதனாலேயே தவறு தாமதமாகத் தெரிகிறது. ஒரு பதிவின் எல்லாக் கருத்துகளையும் அந்த ஆவணத்துக்குள்ளேயே அரேயாகச் சேர்த்துக்கொண்டே போவது அதிகம் காணப்படும் ஒன்று. ஆவணத்தின் உச்ச வரம்பு 16 எம்பி. அதை எட்டுவதற்கு வெகு முன்பே, தலைப்பை மட்டும் காட்ட வந்த குவெரிக்காகவும் மொத்த ஆவணம் கேஷுக்குள் வந்துகொண்டிருக்கும். எல்லை தெரிந்த அரேயை உள்ளே வையுங்கள்: ஒருவரின் முகவரிகள், ஓர் ஆர்டரின் பொருட்கள். எல்லை தெரியாததைத் தனிக் கலெக்ஷனில் (ஆவணத் தொகுப்பில்) வையுங்கள். கடைசி 20 கருத்து மட்டும் உடனே தெரிய வேண்டும் என்றால் அந்த இருபதை உள்ளே பிரதியாக வைக்கலாம்.

தரவை ஷார்டுகளாக, அதாவது வெவ்வேறு மெஷின்களுக்கான பங்குகளாகப் பிரிக்கும் ஷார்டு கீயாக, ஆவணத்துக்குத் தானாக உருவாகும் ஆப்ஜெக்ட்ஐடியை அப்படியே வைப்பது அடுத்த தவறு. அதன் முதல் 4 பைட் நேரம். புதிதாக வருவது எப்போதும் பழையதைவிடப் பெரியதாகவே இருக்கும், ஆகவே எல்லா எழுத்தும் கடைசி ஷார்டின் தலையில் விழும். ஹாஷ் செய்தால் (கீயைக் கலைத்துச் சிதறடித்தால்) எழுத்து பரவும், ஆனால் கால வரம்புக் குவெரி எல்லா ஷார்டையும் தட்டும். வாடிக்கையாளர் எண்ணுடன் நேரத்தைச் சேர்த்த கூட்டுக் கீ பல இடங்களில் நல்ல நடுவழி. 2021இல் வந்த 5.0 பதிப்பு முதல் ஷார்டு கீயை மாற்றும் ரீஷார்டிங் உண்டு. அதற்குக் கூடுதல் டிஸ்க்கும் நேரமும் தேவை.

இன்டெக்ஸைச் சந்தேகித்தால், குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் முடிவில் இரண்டே எண்ணைப் பாருங்கள்: திரும்பிய ஆவணங்கள், ஆராய்ந்த ஆவணங்கள். 20 திரும்ப 4,00,000 ஆராயப்பட்டிருந்தால் ஏற்ற இன்டெக்ஸ் இல்லை, அல்லது அதன் வரிசைமுறை தவறு. சமம் பார்க்கும் புலம் முதலில், அடுக்கும் புலம் அடுத்து, வரம்பு பார்க்கும் புலம் கடைசியில். நிலை ‘திறந்தது’, தொகை ஆயிரத்துக்கு மேல், தேதிவாரியாக அடுக்கு என்ற குவெரிக்கு இன்டெக்ஸ் நிலை, தேதி, தொகை என்று போக வேண்டும். தொகையை நடுவில் வைத்தால் நினைவகத்தில் அடுக்க வேண்டிவரும்.

டைனமோடிபியில் ஒரு வார்த்தை: ஃபில்டர் எக்ஸ்பிரஷன் தரவைப் படித்த பிறகுதான் வடிகட்டுகிறது. ஒரு வரிசை திரும்பினாலும் படித்த 1 எம்பிக்கும் காசு. தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸில், எல்லாக் கீகளையும் பட்டியலிடும் ‘கீஸ்’ கட்டளையைப் புரொடக்ஷனில் ஓட்டாதீர்கள். அது முடியும்வரை மற்ற எல்லாக் கட்டளைகளும் காத்திருக்கும். அதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும் ‘ஸ்கேன்’ இருக்கிறது.

எழுதியாகிவிட்டது என்ற நம்பிக்கை

மூன்று ரெப்ளிகாவில் ஒன்றில் எழுதி ஒன்றில் படித்தால், சற்றுமுன் எழுதியது கண்ணில் படாமல் போகலாம். எழுதும்போது 2, படிக்கும்போது 2 என்றால் கூட்டல் 4, ரெப்ளிகா 3ஐவிடப் பெரிது, ஆகவே குறைந்தது ஒன்று இரண்டிலும் வரும். குவோரம் என்பது இந்தக் கூட்டல்தான். பணம், இருப்பு எண்ணிக்கை போன்றவற்றுக்கு இதில் சமரசம் வேண்டாம். கசாண்ட்ராவில் இரண்டு எழுத்து மோதினால் பெரிய நேரமுத்திரை வெல்லும். மெஷின் கடிகாரம் முந்தி ஓடினால் பழைய மதிப்பு புதியதை அமுக்கிவிடும், லாகில் ஒரு வரியும் வராது. எல்லா நோடிலும் கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடுகிறதா என்று பாருங்கள்.

குட்டிக் கோப்புகள்

பிக் டேட்டாவைப் பல மெஷின்களில் சேமிக்கும் ஹெச்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் இயல்பு பிளாக் (கோப்பின் ஒரு துண்டு) 128 எம்பி. 1 டிபி தரவை அந்த அளவில் வைத்தால் 8,192 கோப்பு. ஸ்ட்ரீமிங் வேலை ஒன்று அதையே 100 கேபி துண்டுகளாகக் கொட்டினால் ஒரு கோடிக்கும் மேல். கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் நேம்நோடு ஒரு கோப்புக்கும் அதன் பிளாக்குக்கும் சேர்த்துச் சுமார் 300 பைட் நினைவகம் எடுத்துக்கொள்கிறது. 2.4 எம்பியில் முடிய வேண்டியது 3 ஜிபிக்கு மேல் போகும். தரவை அலசும் ஸ்பார்க் மென்பொருளும் தரவைப் படிப்பதைவிடக் கோப்பைத் திறந்து மூடுவதிலேயே களைத்துப்போகும். இதற்குப் பெரும்பாலும் காரணம் பயனர் எண் போன்ற, ஏராளமான வெவ்வேறு மதிப்புகள் வரும் புலத்தால் பார்ட்டிஷன் செய்வது. தேதியால் பிரித்து, டேபிள் வடிவம் ஐஸ்பெர்க் என்றால் கோப்புகளை மறுஎழுத்து செய்யும் பணியையும், டெல்டா என்றால் அதே வேலை செய்யும் ஆப்டிமைஸையும் தினமும் ஓட்டுங்கள்.

புதிதாக வந்தவற்றை எப்படிப் பார்ப்பது

2024 செப்டம்பரில் வந்த கசாண்ட்ரா 5.0இல் எஸ்ஏஐ என்ற புது இன்டெக்ஸும் வெக்டர் தேடலும் (பொருள் ஒத்தவற்றைத் தேடும் வசதி) உண்டு. பழைய செகண்டரி இன்டெக்ஸைவிட எஸ்ஏஐ மிக நல்லது. ஆனால் பார்ட்டிஷன் கீ இல்லாமல் கேட்டால் இப்போதும் பல நோடுகளைத் தட்டத்தான் வேண்டும். பார்ட்டிஷனுக்குள் வடிகட்ட அதைப் பயன்படுத்துங்கள். அந்த வெளியீட்டோடு 3.0, 3.11 வரிசைகளுக்கு ஆதரவு முடிந்தது, ஆகவே 3.11 காலத்துக் குறிப்புகளைப் பதிப்பெண் பார்க்காமல் ஒட்டாதீர்கள். மாங்கோடிபியிலும் அப்படித்தான்: 5.0 முதல் இயல்பாகப் பெரும்பான்மை நோடுகள் ஒப்புக்கொண்ட பிறகே எழுத்து வெற்றி என்று சொல்லும். அதற்கு முந்தைய பதிப்பில் ஒரே நோடின் ஒப்புதலோடு வெற்றி சொல்லிவிடும்.

உரிமமும் மாறியிருக்கிறது. ரெடிஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை மாற்றியதும் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கி என்ற கிளை மென்பொருள் பிரிந்தது. 2025இல் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. டாக்கர் இமேஜில் (மென்பொருளை இயக்கும் தயார்நிலைப் பொதியில்) பதிப்பெண்ணைக் குறிக்காமல் ‘லேட்டஸ்ட்’ என்று விட்டவர்கள் எந்த உரிமத்தின் கீழ் ஓடுகிறோம் என்றே தெரியாமல் இருக்கிறார்கள். இன்றே பதிப்பெண்ணை எழுதிப் பூட்டுங்கள்.