அட்டைப்பெட்டியில் கிடக்கும் சிடிகளை மீண்டும் கேட்க

பழைய சிடிகளைத் தூசி தட்டி எடுத்ததும் பிடித்த பாட்டுகளை மட்டும் தேடிக் கேட்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஏற்கெனவே மனப்பாடமானதுதான் மறுபடி காதில் விழும். பெட்டியில் புதிதாகக் கிடைக்கக்கூடியது, அன்று தாண்டிப்போன நான்காவது, ஏழாவது பாட்டுகளில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தட்டையும் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல் கேட்பதுதான் இங்கே சொல்லும் முறை.

முதலில் பிளேயர். சிடி பிளேயர் இல்லாவிட்டாலும் பெரும்பாலான டிவிடி, ப்ளூரே பிளேயர்களில் சிடி ஓடும். நீண்ட நாள் சும்மா கிடந்த பிளேயரில் தட்டு வைக்கும் தாம்பாளம் வெளியே வராமல் மாட்டிக்கொண்டால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பெல்ட்டை மாற்றினால் போதும். எல்லாச் சிடியும் திக்கினால் குற்றம் பெரும்பாலும் தட்டுகளில் இல்லை, லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் ஊதியால் காற்றடியுங்கள். அதற்கும் போகாவிட்டால், ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொட்டுத் துடையுங்கள். லென்ஸ் மிக மெல்லிய தாங்கியில் நிற்கிறது. அழுத்தினால் போய்விடும்.

இனி தட்டுகள். சிடி இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் நடுக் குமிழை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். வளைத்துப் பிடுங்கினால் நடுத்துளையைச் சுற்றி விரிசல் விடும். அழுக்கிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும். கழுவி, நார் உதிராத மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஒலித்தரவு சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் சிறு கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தைத்தான் கெடுக்கும், அதைப் பிளேயரின் பிழைதிருத்தம் ஈடுகட்டிவிடும். பாதையோடு ஓடும் கீறலோ தொடர்ச்சியாக அழிக்கும். இரண்டரை மில்லிமீட்டருக்குமேல் தொடர்ந்து அழிந்தால் முழுதாகத் திருத்த வழியில்லை.

பலர் அடிப்பக்கத்தைப் பொத்திப் பாதுகாத்து, அச்சிட்ட மேல்பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். உண்மையில் மேல்பக்கம்தான் ஆபத்தானது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டில் அலுமினியப் படலம் அங்கே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டு மீட்கலாம். படலம் உரிந்தால் அந்த இடத்துப் பாட்டு திரும்பி வராது. தட்டை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து நிறம் மாறிக்கொண்டு வந்தாலோ அதைத் தனியே வையுங்கள். வீட்டில் எழுதிய சிடி-ஆர் தட்டுகளையும் அதோடு சேருங்கள். அவற்றில் பதிவு சாயத்தில் இருக்கிறது, வெயில் பட்டால் சீக்கிரம் கெடும். இவற்றையெல்லாம் கேட்பதற்கு முன்பே கணினியில் நகலெடுத்துவிடுவது நல்லது.

நகலெடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் பாதுகாப்பு (Secure) முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐயமான பகுதியை அது திரும்பத் திரும்பப் படிக்கும். மெதுவாகத்தான் போகும், பொறுங்கள். கோப்பு வடிவம் ஃப்ளாக் (FLAC). சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ஃப்ளாக்கில் ஒலி குறையாமல் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும்.

கேட்கும்போது ஷஃபிள் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தட்டுக்குமேல் வேண்டாம். நினைவே இல்லாத தட்டுகளிலிருந்து தொடங்குங்கள். ஒலியளவில் தனிக் கவனம் வேண்டும். 1980களின் தட்டுகள் பொதுவாகத் தாழ்ந்த அளவில் பதிவானவை, 1990களின் பிற்பாதியிலிருந்து வந்த பல தட்டுகள் காதை அறையும் அளவுக்கு உயர்த்தப்பட்டவை. அடுத்தடுத்துக் கேட்டால் பழையது சோர்ந்த பதிவுபோல் ஏமாற்றும். குமிழைத் திருப்பி அளவைச் சமன்செய்துவிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அப்போது தாளத்தின் அடியும் ஓய்வும் பழையதில்தான் கூடுதலாகத் தெளிவது பல முறை புரியும்.

கடைசிப் பாட்டு பதினைந்து நிமிடம் என்று காட்டினால் நிறுத்திவிடாதீர்கள். நீண்ட மௌனத்துக்குப் பின் மறைத்துவைத்த பாட்டு வரக்கூடும். அரிதாகச் சில தட்டுகளில் அது முதல் பாட்டுக்கும் முன்னால் இருக்கும். முதல் பாட்டு தொடங்கியதும் பின்னோக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சில பிளேயர்கள் அங்கே போகும்.

முதல் முறை கேட்கையில் சிடியோடு வந்த சிறுபுத்தகத்தைத் திறக்காதீர்கள். இரண்டாம் முறை, அதிலுள்ள இசைக்கருவி வாசித்தவர், பாடலாசிரியர் பெயர்களோடு கேளுங்கள். பிடித்த வாசிப்பு யாருடையது என்று தெரிந்தால், அதே பெயர் உங்கள் பெட்டியிலேயே வேறு தட்டில் இருக்கிறதா என்று தேடலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியும், மனத்தில் நின்ற பாட்டுகளின் எண்ணும் பென்சிலால் எழுதிச் சிறுபுத்தகத்துக்குள் வையுங்கள். தட்டின்மேல் எழுத வேண்டாம்.

இரண்டு முறை கேட்காமல் எதையும் கழிக்காதீர்கள். வைத்துக்கொள்பவற்றைப் பிளாஸ்டிக் பையில் அல்லாமல் கெட்டிப் பெட்டியில், செங்குத்தாக, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். பல தட்டுத் தொகுப்புகளில் ஸ்பான்ஜ் துண்டு இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். அது நாளாக ஆக மட்கி, தட்டில் ஒட்டிக்கொண்டு படலத்தை அரிக்கும்.